மூச்சு வாங்குது சார், ஏறலாமா?

சிவராத்திரி நெருங்கினாலே இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு, கோவை பக்கத்தில் ஏழு மலை ஏறிச் சிவனைத் தரிசிக்கிற வெள்ளியங்கிரி பற்றிய கேள்விகளாக வந்து குவியும். இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு மலைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒருவருடையது மட்டும் வந்திருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு, நாள் முழுக்க நாற்காலிதான். கூட வேலை பார்ப்பவர்கள் சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். பழனிக்கே நான் வின்ச்சில் போகிற ஆள். மன உறுதி இருந்தால் யாரும் ஏறிவிடலாம் என்கிறார்களே, உண்மையா சார்? (திருப்பூர் வாசகர்)

பதில்: மன உறுதி வேண்டும்தான், ஆனால் அதை மலையடிவாரத்துக்கு வந்த பிறகு எடுத்துக் காட்ட நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மன உறுதி எவ்வளவு இருக்கிறது என்பதை இப்போதே காட்டுங்கள், நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது.

முதலில் எதை ஏறப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிவாரத்தில் இருக்கிற பூண்டி கோயிலில் இருந்து ஏழாவது மலை உச்சிக்கு ஒரு வழி ஆறு கிலோமீட்டர் போலத்தான் வரும். சமதரையில் அது காலை நடை. இங்கே அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் ஏறுகிறீர்கள், அதாவது ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் முந்நூறு மாடிக்கும் மேல். ஸ்காட்லாந்தில் வில்லியம் நைஸ்மித் என்ற மலையேறி 1892ல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பழகிய ஆளுக்கே மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் எங்கும் உட்காராமல். பாதை கரடுமுரடு, இருட்டு, கூட்டம் எல்லாம் சேர்த்து உங்களைப் போன்ற ஒருவர் ஐந்தாறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அப்புறம் இறங்கவும் வேண்டும்.

ஏழு மலையும் ஒரே மாதிரி இருக்காது. முதல் மலைதான் ஆளைப் போட்டுப் பார்ப்பது. செங்குத்தான கல்படிகள், முடிகிற மாதிரியே தெரியாது, வெள்ளை விநாயகர் கோயில் வரும்வரை மூச்சு விட விடாது. அங்கேயே திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. நடுவில் உள்ள மலைகளில் கொஞ்சம் இளைப்பாறலாம், மண் பாதை வரும், சுனைகள் வரும். ஐந்தாவது மலைக்கு மேலே மரம் குறைந்து புல்வெளியாகிவிடும், காற்று அறையும். ஆறாவதில் பாதை இறங்கும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், அந்த இறக்கத்தைத் திரும்பி வரும்போது ஏற வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏழாவது மறுபடியும் செங்குத்து.

இப்போது பயிற்சி. முதல் மூன்று வாரம் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டு. வீட்டுப் படியோ கம்பெனிப் படியோ, பத்து நிமிடத்தில் ஆரம்பித்து நாற்பது நிமிடம் வரை கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மலைக்கோயில். உங்கள் ஊரில் இருந்து சென்னிமலை பக்கம்தானே, 1,320 படி. முதல் முறை ஒரு தடவை ஏறி இறங்குங்கள், கடைசி வாரங்களில் இரண்டு தடவை. முதுகில் ஒரு பை, அதற்குள் இரண்டு லிட்டர் தண்ணீர். மலைக்குப் போட்டுப் போகிற அதே ஷூவைப் போட்டுக்கொண்டு. புது ஷூவை மலையில்தான் பழக்குவேன் என்று அடம் பிடித்து, நகம் கறுத்து வெறுங்காலோடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். பக்கத்தில் நடக்கிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா, அந்த வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். பெரிய மலைகளில் ஏறுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு: ஒவ்வொரு படியிலும் பின்னங்காலை நேராக நிமிர்த்தி, உடம்பு எடையை எலும்பின் மேல் ஒரு நொடி நிற்க விட்டு, அப்புறம்தான் அடுத்த காலை எடுப்பார்கள். அந்த ஒரு நொடியில் தொடைச் சதைக்கு ஓய்வு கிடைக்கிறது. பார்ப்பதற்குக் கிழவர் நடை மாதிரி இருக்கும், இரண்டாவது மணி நேரத்தில் யார் முன்னால் போகிறார் என்று பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொல்வேன். முதல் முறையாகப் போகிற உங்களுக்குச் சித்ரா பௌர்ணமி வேண்டாம். அன்றைக்கு அங்கே இருக்கிற கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்கவே முடியாது, பின்னால் வருகிறவர் தள்ளுவார், முன்னால் போகிறவர் நின்றுவிடுவார். அதற்கு முந்தியோ பிந்தியோ ஒரு சாதாரண வாரநாளில் போங்கள். மலை திறந்திருப்பதே பிப்ரவரியில் இருந்து மே வரைதான், கிளம்புவதற்கு முன் அனுமதி இருக்கிறதா என்று வனத்துறை அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் நாலாவது மலையோடு திரும்பிவிட்டேன் அண்ணா. வயது 26, ஜிம்முக்குப் போகிறவன். கூட வந்தவர்கள் இன்று வரை ஓட்டுகிறார்கள். வீட்டிலோ "ஈசன் கூப்பிடலை, அதான்" என்கிறார்கள். எனக்கு விடாமுயற்சி இல்லையா, இல்லை உடம்பில்தான் ஏதாவது கோளாறா? (ஈரோடு வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இங்கே சுருக்கிவிட்டேன், ஆனால் பதில் அங்கேதான் இருக்கிறது. பகல் முழுக்க வேலை பார்த்திருக்கிறீர்கள். சாயந்திரம் பைக்கிலேயே ஈரோட்டில் இருந்து பூண்டி. வழியில் பரோட்டா, சால்னா. பத்து மணிக்கு ஏற ஆரம்பித்து முதல் மலையை நண்பர்களோடு போட்டி போட்டு ஏறியிருக்கிறீர்கள். நாலாவது மலையில் குமட்டல், நடுக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஈசனைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் தூக்கம் இல்லாத உடம்புக்குள் மைதா மாவு செரித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் ஓடினால் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஜிம்மில் நீங்கள் எடை தூக்குகிறீர்கள், அது சில நிமிட வேலை. மலை ஆறு மணி நேர வேலை, வேறு விதமான சக்தி. இருந்தாலும் கண் இருட்டியது என்று எழுதியிருப்பதால் ஒருமுறை ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுங்கள், செலவு பெரிதில்லை.

திரும்பியது சரியான முடிவு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 1952 மே மாதம் எவரெஸ்டில் டென்சிங் நார்கேயும் சுவிட்சர்லாந்துக்காரரான ரேமண்ட் லாம்பர்ட்டும் உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே இருந்து திரும்பினார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறி உறுதியானதில்லை. இன்னும் கொஞ்சம்தானே என்று போயிருக்கலாம். ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யவில்லை, போனால் உச்சியைத் தொடலாம், உயிரோடு இறங்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மே 29ம் தேதி எட்மண்ட் ஹிலாரியோடு டென்சிங் உச்சியில் நின்றபோது அவர் கழுத்தில் இருந்தது லாம்பர்ட் கொடுத்த சிவப்புத் துணி. எவரெஸ்டுக்கு அது அவருடைய ஏழாவது பயணம். அதற்கு முந்தைய ஆறிலும் உச்சி கிடைக்காமல்தான் திரும்பியிருக்கிறார், யாரும் ஓட்டியதாகத் தெரியவில்லை!

அடுத்த முறை போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி என்றால் எட்டு மணி. மேலே போன பிறகு பேசினால் அங்கே மூளை வேலை செய்யாது, வீம்புதான் பேசும். அப்புறம் முந்தின நாள் மத்தியானம் நன்றாகத் தூங்குங்கள், ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். போட்டி போடுகிற நண்பர்களை முன்னால் போகச் சொல்லுங்கள். கிண்டல் செய்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லித் தரவா.

கேள்வி: மேலே ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் மூச்சுத் திணறுகிறது, கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போனால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எடுத்துப் போகலாமா? (கரூர் வாசகர்)

பதில்: சாமிக்கு ஏற்ற எடுத்துப் போங்கள். மூக்குக்கு வேண்டாம்.

வெள்ளியங்கிரியின் உயரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,780 மீட்டர். உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆரம்பிக்கும். ஊட்டி நகரமே இந்த உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது, அங்கே யாரும் கற்பூரத்தோடு அலைவதில்லையே. காற்றில் அழுத்தம் கொஞ்சம் குறையும், உண்மைதான், ஆனால் நல்ல உடம்பைத் திணறடிக்கிற அளவுக்கு இல்லை. வெள்ளியங்கிரியில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் உங்கள் வேகம்தான், இல்லையென்றால் பழக்கமில்லாத இதயம். கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியான ஓர் உணர்வைக் கொடுத்து மூச்சு நன்றாகப் போகிற மாதிரி ஏமாற்றும், ரத்தத்தில் ஒரு சொட்டு ஆக்சிஜனையும் கூட்டாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "ஆக்சிஜன் கம்மி, அதான்" என்று சொல்லிக்கொண்டே மாரடைப்பின் அறிகுறியோடு ஏறிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2024 பருவத்தில் இந்த மலையில் பலர் இறந்தார்கள், எல்லாரும் வயதானவர்களும் இல்லை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, நின்ற பிறகும் அடங்காத மூச்சு, காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை. இதில் ஒன்று வந்தாலும் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு படிகூட ஏறக் கூடாது. மேலே ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, தினமும் ஓடுகிற பழக்கம் உண்டு, மாரத்தான்கூட ஓடியிருக்கிறேன். வெள்ளியங்கிரிக்குப் பெண்களை விடமாட்டார்கள் என்று சொன்னதும் வெறுத்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (சேலம் வாசகி)

பதில்: வழக்கம் என்று சொல்லிப் பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்களை மேலே விடுவதில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலை ஏறுவதற்குக் காலும் நுரையீரலும்தான் வேண்டும், இரண்டும் உங்களிடம் இருக்கிறது. வாதம் செய்கிறவர்கள் செய்யட்டும், செய்யவும் வேண்டும், ஆனால் அதற்காக இந்த வருடத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

சேலத்தில் இருந்து போக வசதியாகப் பர்வதமலை இருக்கிறது, திருவண்ணாமலை மாவட்டம். கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறுகிற இடம் வரும், வெள்ளியங்கிரியில் அப்படி ஒன்று கிடையாது. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பெண்கள் தாராளமாகப் போகிறார்கள், என்னோடு ஏறியவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான்.

கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் அகத்தியர்கூடம், நம் ஆட்கள் பொதிகை என்று சொல்வது. 1,868 மீட்டர். திருவனந்தபுரம் பக்கம் போனக்காட்டில் இருந்து கேரள வனத்துறை அனுமதியோடு ஏற வேண்டும், நடுவில் அதிருமலை முகாமில் தங்கல். அங்கேயும் பெண்களுக்குத் தடை இருந்தது. 2018ல் கேரள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, 2019 ஜனவரியில் ஒரு பெண் முதன்முறையாக அந்தத் தீர்ப்போடு உச்சிக்குப் போனார். கடல் தாண்டிப் போக முடிந்தால் இலங்கையில் சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர், டிசம்பர் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் வரை பருவம். இராத்திரி முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள், வழியெல்லாம் தேநீர்க் கடை, எழுபது வயதுப் பாட்டிகள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கலாம். பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நாலு பேருக்கும் அந்தப் பாதச்சுவடு தங்களுடையது, யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

நீங்கள் கோயில் வேண்டாம், காடு போதும் என்றால் தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு. வழிகாட்டி இல்லாமல், அனுமதி இல்லாமல் யாரோ கூப்பிட்டார்கள் என்று காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீக்குள் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பி.பி. மாத்திரை எடுக்கிறார். இளமையில் வருடா வருடம் வெள்ளியங்கிரி போனவர், இந்த வருடம் மறுபடியும் போயே தீருவேன் என்கிறார். தடுத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: அம்மா, அப்பாவோடு சண்டை போட வேண்டாம், மருத்துவரை அந்த வேலையைச் செய்ய விடுங்கள். இதய மருத்துவரிடம் கூட்டிப்போய் டிரெட்மில் பரிசோதனை எடுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சில்லை. இதய நோயும் மூச்சுக் கோளாறும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் ஒவ்வொரு பருவத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

போகலாம் என்று சொல்லிவிட்டால், அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இருபத்தைந்து வயதில் ஏறிய ஞாபகம் மனசில்தான் இருக்கும், முட்டிக்கு இருக்காது. இந்த வருடம் வெள்ளை விநாயகர் கோயில் வரைக்கும். அதுவும் இரண்டு மாதம் நடந்த பிறகு, பகலில் வெயில் ஏறுவதற்குள், கூட ஒரு ஆள் இருந்தால் மட்டும். அது நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசலாம். மாத்திரையை அன்றைக்கு நிறுத்தவோ கூட்டவோ கூடாது. பெரும்பாலான பெரியவர்களுக்கு உச்சி முக்கியமில்லை, "உன்னால் முடியாது" என்று பிள்ளைகள் சொல்வதுதான் பொறுக்காது. முதல் மலைக்குச் சரி என்று சொல்லிப் பாருங்கள், சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

கேள்வி: ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவது சுலபம்தானே? எதற்கு மூங்கில் கம்பு? பார்க்கவே பழைய படத்துச் சாமியார் மாதிரி இருக்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: வாங்க சார், நீங்கள்தான் அந்தக் கம்பைத் தேடி இறங்கும்போது அழப் போகிறவர்.

ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முட்டி போகும். கீழே ஒவ்வொரு படியிலும் உங்கள் எடையைத் தொடையின் முன்பக்கச் சதைதான் பிரேக் போட்டுப் பிடிக்கிறது, அப்போது அந்தச் சதை நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருக்கிறது, இப்படி வேலை செய்யும்போதுதான் சதை நார்கள் அதிகம் கிழிபடும். அதனால்தான் முதல் மலைப் படிகளில் திரும்பி இறங்கும்போது நல்ல வாலிபர்களின் கால்களும் தன் பாட்டுக்கு நடுங்கும். விழுவதும் சுளுக்குவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான், சாதித்துவிட்டோம் என்ற நினைப்பில் ஓடி இறங்குகிறவர்களுக்குத்தான். அடிவாரத்தில் விற்கிற மூங்கில் கம்பை வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி அப்புறம் காலை வையுங்கள், எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். பயிற்சிக்குப் படி ஏறுகிறவர்கள் கீழே வர லிஃப்டைத் தேடாதீர்கள், இறங்குவதும் பயிற்சிதான். சென்னைக்குப் பக்கத்தில் திருக்கழுக்குன்றம் போங்கள், 565 படி, ஏறுவதைவிட மெதுவாக இறங்குங்கள்.

கேள்வி: பையில் என்னென்ன வேண்டும்? சுருக்கமாகச் சொல்லவும். (நாமக்கல் வாசகர்)

பதில்: தண்ணீர் இரண்டு லிட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். தலையில் மாட்டுகிற டார்ச், கையில் பிடிக்கிறது வேண்டாம், கை கம்புக்கு வேண்டும். உலர்ந்த ஒரு பனியன், ஒரு ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர். இந்த உலர்ந்த பனியனைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஐந்தாவது மலைக்கு மேல் அந்தக் காற்றில் விடியும்வரை உட்கார்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும், பல் கிட்டும். ஏப்ரல் மாதம்தானே என்று நினைக்காதீர்கள். ஆறாவது மலையில் இருக்கிற ஆண்டி சுனையில் குளிக்கிறவர்கள் துண்டும் எடுத்துப் போங்கள், அந்தத் தண்ணீரில் இறங்க ஒரு தனி தைரியம் வேண்டும், எனக்குக் கிடையாது.

பிளாஸ்டிக் பொட்டலம் எதுவும் வேண்டாம். அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணத்தைக் கொடுப்பார்கள். பத்து இருபது ரூபாய் போனால் போகட்டும் என்று பாட்டிலை எறிந்துவிட்டு வருகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள். அது யானை நடமாடுகிற காடு. நொய்யல் பிறக்கிறதும் இந்த மலைத்தொடரில்தான், நீங்கள் எறிகிறது கடைசியில் திருப்பூர் வரைக்கும் வரும், அங்கே ஏற்கெனவே இருக்கிறது போதும்.

கேள்வி: கோபிக்க வேண்டாம். இராத்திரி முழுக்கத் தூங்காமல், கால் வீங்கி, ஒரு நிமிட தரிசனத்துக்கு இவ்வளவு பாடு. என்னதான் கிடைக்கிறது? போட்டோ போடுவதற்குத்தானே? (மதுரை வாசகர்)

பதில்: கோபமே இல்லை, நியாயமான கேள்வி. பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற இடுக்கில் சுயம்புவாக ஒரு லிங்கம், அவ்வளவுதான், கோபுரம் இல்லை, பிராகாரம் இல்லை. கூட்ட நாளில் ஒரு நிமிடம்கூட நிற்க விடமாட்டார்கள். பக்தி இருப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடமே போதும், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பக்தி அவ்வளவாக இல்லாதவர்களுக்கு? எனக்குப் பிடித்தது வழியில் இருக்கிற மனிதர்கள். இராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் முகம் தெரியாத ஒருவர் "இன்னும் கொஞ்சம்தாங்க சாமி, வந்தாச்சு" என்பார். சுத்தப் பொய், இன்னும் மூன்று மலை இருக்கும். அந்தப் பொய்யை நம்பி நாமும் ஏறுவோம், இறங்கும்போது அதே பொய்யை வேறு யாருக்காவது சொல்வோம். கீழே என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எந்த ஊர், எந்தச் சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்க மூச்சு இருக்காது என்பதும் ஒரு காரணம். சுக்குக் காபிக் கடையில் ஒரே பலகையில் மில் முதலாளியும் லோடுமேனும் உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கும்.

ஆனால் உண்மையான வரவு அதற்கும் முந்தியது. மலைக்காகத் தினமும் நடக்க ஆரம்பித்தவர்களில் ஒரு பங்கு ஆட்கள் மலை முடிந்த பிறகும் விடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர், சர்க்கரை நோயாளி, மலைக்குப் போக வேண்டும் என்பதற்காக நடந்து, அந்த வருடம் மழை, தீ என்று ஏதோ காரணத்தால் போகவே முடியவில்லை. நடையை மட்டும் விடவில்லை. மருத்துவர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். மலையையே பார்க்காமல் அவருக்குக் கிடைத்தது இது. போட்டோ இல்லைதான்.

சரி, போட்டோவும் எடுக்கலாம், தப்பில்லை. பாறை நுனியில் நின்று மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு காலை இறங்கிவிடுவோம். திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியுமா, இல்லை லீவு சொல்ல வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: திங்கட்கிழமை சமாளித்துவிடுவீர்கள், பரவாயில்லையே நாம் தேறிவிட்டோம் என்றுகூட நினைப்பீர்கள். பழக்கமில்லாத வேலை செய்த சதை ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் அதிகம் வலிக்கும், ஆகவே செவ்வாய்க்கிழமை லீவு கேளுங்கள். வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் மெதுவாக நடங்கள், வலி மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். சிறுநீர் காபி நிறத்தில் போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், சதை அதிகம் சிதைந்து சிறுநீரகத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். மற்றபடி நாலைந்து நாளில் தானாகச் சரியாகிவிடும். லீவு கிடைக்காவிட்டால், படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள், வலி கொஞ்சம் குறையும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்களும் வெள்ளியங்கிரி போனவர்களாக இருந்தால் சிரிக்க மாட்டார்கள்.